சால்வையோடு நிறுத்திவிடக் கூடாது



எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. குழுக் கூட்டத்துல கணக்கு வாசிக்கிறதோட சரி. தப்பு இருந்தா பொறுத்துக்கணும்.

நம்ம பிள்ளைச்சாவடிப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் தோட்ட வேலை சொல்லிக் கொடுக்கிற ஒரு அக்காவுக்கும் ஒரு தம்பிக்கும் இன்று சால்வை போர்த்துகிறோம். சம்பளம் இல்லை, பஸ் காசு கூட இல்லை. கைக்காசு போட்டு விதை வாங்கினவங்க.

நம்ம ஊர் மண் உங்களுக்குத் தெரியும். மணல். கிழக்கே கடல் கரையைத் தின்னுக்கிட்டே வருது. "இந்த உப்புக் காத்துல என்னக்கா விளையும்?"னு நானே கேட்டேன். நான் சொன்ன மாதிரியே முதல் வருஷம் தக்காளி நாத்து அத்தனையும் கருகிப் போச்சு. பிள்ளைங்க அழுதுச்சுங்க. அக்கா திட்டவும் இல்லை, சமாதானமும் சொல்லலை. "ஊரைச் சுத்திப் பாத்துட்டு வாங்க, கடலைப் பாத்து எந்த மரம் நிக்குது, எது மறைவுல நிக்குது, எழுதிட்டு வாங்க"ன்னாங்க. பூவரசும் தென்னையும் காத்துக்கு நிக்குது, முருங்கையும் கீரையும் வீட்டு மறைவுல நல்லா இருக்குதுன்னு எழுதிட்டு வந்தாங்க. அடுத்த தடவை தென்னங்கீத்துத் தட்டி கட்டி, பின்னால பையில செம்மண்ணும் மக்கின சாணமும் போட்டு வெச்சாங்க. கீரை வந்துச்சு. சுரைக்கொடி கூரை ஏறுச்சு.

தம்பி சொல்லிக் கொடுத்தது மீன் அமிலம். நாம தூக்கிப் போடுற மீன் குடல், செதில் ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ வெல்லம். காத்துப் புகாம டப்பாவுல மூடி நிழல்ல வெச்சா, மூணு வாரம் கழிச்சுப் பழவாடை வரும். லிட்டர் தண்ணிக்கு 5 முதல் 10 மில்லி கலந்து தெளிக்கணும். என் பையன் டப்பாவைக் கொண்டு வந்தப்ப, நாத்தம் வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு சத்தம் போட்டேன். இப்ப மீன் ஆய்ஞ்சதும் கழிவை நானே எடுத்து வெக்கிறேன்.

பிள்ளைங்க செய்யறதைப் பாத்துப் பெரியவங்க கத்துக்கிறது புதுசு இல்லை. 1902-ல் அமெரிக்காவுல, ஒகாயோ மாநிலத்துல, கிரகாம் என்கிற பள்ளி அதிகாரி பிள்ளைகளைச் சேர்த்து மக்காச்சோளம் போடவும் மண்ணைச் சோதிக்கவும் சொல்லிக் கொடுத்தார். புது முறையைச் சொன்னா பெரிய விவசாயிங்க லேசில் ஏத்துக்கலை. பிள்ளைங்க செஞ்சு காட்டினதும் ஏத்துக்கிட்டாங்க. தலை, இதயம், கை, உடல்நலம் என்று நாலு இலை அடையாளம் போட்ட சங்கங்கள் அப்படித்தான் வளர்ந்தது. இன்னைக்கும் அதைத் தாங்கி நிறுத்துறவங்க தன்னார்வலர்கள்தான்.

நமக்கும் பெருமை உண்டு. இந்தியாவிலேயே முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் நம்ம புதுச்சேரியிலதான் தொடங்கினாங்க. குரும்பாப்பட்டுல இருக்கு. விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் கிராமத்து இளைஞர்களுக்கும் பயிற்சி தர்றாங்க. ஆனா அங்கே கத்துக்கிட்டு வந்து தெருவுல பிள்ளைங்க கையைப் பிடிச்சுச் சொல்லிக் கொடுக்க ஒரு ஆள் வேணும்.

தன்னார்வலரோட அருமை நல்லவாடு மக்களுக்குத் தெரியும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைச்ச தகவல் மையம் அங்கே இருந்துச்சு. 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூர்ல வேலை பாத்த ஊர்க்காரர் போன்ல எச்சரிச்சதும், மைய ஒலிபெருக்கியில சொல்லி ஊரையே மேட்டுக்கு அனுப்பினாங்க. தினமும் அந்த ஒலிபெருக்கியைப் பயன்படுத்திப் பழகினதாலதான் அந்த நாள்ல அது உதவுச்சு.

ஆனா ஒரு உண்மையையும் சொல்லணும். போன வருஷம் தம்பிக்கு வெளியூர் வேலை வந்துச்சு. அக்காவோட அம்மா படுத்த படுக்கையானாங்க. நாலு மாசம் தோட்டம் நின்னு போச்சு. பை மண்ணெல்லாம் காஞ்சு பாளம் பாளமா வெடிச்சுது. ஞாயித்துக்கிழமை பிள்ளைங்க வந்து, "இன்னைக்கும் அக்கா வரமாட்டாங்களா?"ன்னு என் வாசல்ல நின்னாங்க. எனக்குப் பதில் இல்லை. நான் போய் ரெண்டு குடம் தண்ணி ஊத்தியிருக்கலாம். ஊத்தலை. அது அவங்க வேலைன்னு இருந்துட்டேன். அந்தக் குத்தத்தை இந்த மேடையில ஒத்துக்கிறேன்.

அக்கா திரும்பி வந்தப்ப யாரையும் ஒரு வார்த்தை கேக்கலை. மம்முட்டியை எடுத்தாங்க, அவ்வளவுதான். தம்பியும் இப்ப லீவு கிடைக்கிற ஞாயிறெல்லாம் வர்றார்.

அதனால கூட்டமைப்புக்கு மூணு கோரிக்கை வைக்கிறேன். ஒண்ணு, ஒவ்வொரு குழுவிலிருந்தும் முறை வெச்சு ஞாயிறுக்கு ஒரு பெண் அக்காவுக்குத் துணையா நிக்கணும். ரெண்டு, விதைச் செலவுக்கு உறுப்பினருக்கு மாசம் 5 ரூபாய் தனியா எடுத்துத் தீர்மானத்துல எழுதணும். மூணு, பெரிய பிள்ளைங்க ரெண்டு பேரைச் சின்னப் பிள்ளைங்களுக்குப் பொறுப்பா போடணும். அப்பதான் அடுத்த அக்காவும் அடுத்த தம்பியும் கிடைப்பாங்க. முதல் ஞாயிறு முறைக்கு என் பேரை எழுதிக்கோங்க.

அக்கா, தம்பி, உங்க ரெண்டு பேருக்கும் என் பிள்ளைங்க சார்பாகவும் ஊர்ப் பெண்கள் சார்பாகவும் நன்றி. இனிமேல் நீங்க ரெண்டு பேரும் மட்டும் தண்ணி சுமக்க விடமாட்டோம்.