வைத்தியச் செலவும் வீட்டுக் கணக்கும்



சித்தூரிலிருந்து வேலூருக்குச் செல்லும் காலைப் பேருந்தில் ஏறி அமர்ந்தால், மடியில் ஒரு பையை இறுகப் பற்றியவாறு அமர்ந்திருக்கும் சிலரைத் தவறாமல் காணலாம். பையினுள்ளே பழைய மருந்துச் சீட்டுகள் இருக்கும். எக்ஸ்-ரே படம் இருக்கும். துணியில் முடிந்த பணமும் இருக்கும். திருப்பதியில் ரூயா மருத்துவமனை வாயிலிலும், தேவஸ்தானத்தின் ஆதரவால் 1993-இல் தொடங்கப்பெற்ற ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் முன்றிலிலும் இதே காட்சிதான். நோய் என்ன என்பதை மருத்துவர் சொல்லிவிடுவார். அந்த முடிச்சுப் பணம் வேறு எதற்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தது என்பதை யார் கேட்கிறார்கள்? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அந்தக் கேள்விதான்.

நாம் அறிந்த குடும்பங்களில் ஒன்றென வைத்துக்கொள்வோம். சித்தூர் வெல்ல மண்டியில் கணக்கெழுதுபவர் ஒருவர். இரண்டு தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அவருக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. நாள்தோறும் ஒரு மாத்திரை உண்ணவேண்டும் என்பது மருத்துவர் கட்டளை. சில மாதங்கள் உண்டார். உடம்பில் வலியும் இல்லை, தளர்ச்சியும் இல்லை. மகளின் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டிய மாதம் வந்தது. "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். நோயென்று உணராத நோய்க்கு மருந்து வாங்க எவருக்குத்தான் மனம் வரும்? ஆனால் ஒரு நாள் பக்கவாதம் கண்டு கை கால் விழுந்தபோது, அந்தக் கட்டணத்தைப் போலப் பன்மடங்கு பணம் சில நாட்களில் கரைந்துபோயிற்று. மகளின் படிப்பும் நின்றது.

இவரை அறிவற்றவர் என்று நாம் சொல்லலாகாது. அவர் ஒரு கணக்குப் போட்டார்; ஆனால் கணக்கில் ஒரு வரியை விட்டுவிட்டார். ஒன்றுக்குச் செலவிடும் பணம் மற்றொன்றுக்கு இல்லாமற் போகிறது. ஆகையால் எந்தச் செலவின் உண்மையான விலையும், அதற்காக நாம் கைவிட்ட பொருளே ஆகும். பொருளியலார் இதனைத் தம் நூல்களின் முதற்பாடமாக வைத்திருக்கின்றனர். மருத்துவத்தில் இந்தப் பாடம் இருமடங்கு கடுமையானது. ஏனெனில் இங்கே செலவிடாமல் விட்டதற்கும் ஒரு விலை உண்டு. அது பின்னால் வந்து சேரும்.

வீட்டுக்கு நேர்வது நாட்டுக்கும் நேரும். இதற்குச் சான்று தேட நாம் தொலைவு செல்லவேண்டுவதில்லை. 2022 வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனபள்ளியின் அருகே ஆரோக்கியவரம் என்றோர் ஊர் உண்டு. பல கிறிஸ்தவ சபைகள் ஒன்றுகூடி 1912-இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனை, 1915 முதல் அங்கே நடைபெற்று வந்தது. கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரம், உலர்ந்த காற்று, நல்ல உணவு, பல மாத ஓய்வு. டென்மார்க்கு நாட்டு மருத்துவரான ஃப்ரிமோட்-மோலர் அதன் முதல் தலைவராக இருந்து அதனைப் புகழ்பெறச் செய்தார். காசநோய்க்கு மருந்தே இல்லாத அக்காலத்தில், காற்றும் உணவும் ஓய்வுமே மருந்தாக இருந்தன. தமிழகத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் தம் மக்களை அம்மலைப் பக்கத்துக்கு அனுப்பிவைத்தன.

பின்னர் மருந்துகள் வந்தன. 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. 1952-இல் ஐசோனியாசிட் என்னும் மலிவான மாத்திரை வழக்குக்கு வந்தது. அப்போது நாட்டின் முன் ஒரு பெருங்கேள்வி எழுந்தது. நோயாளர் பல லட்சம். மருத்துவமனைப் படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான். இருக்கும் பணத்தில் மேலும் மேலும் சானடோரியங்கள் கட்டுவதா? அல்லது அதே பணத்தில் மாத்திரையை வாங்கி நோயாளியின் வீட்டுக்கே கொடுத்தனுப்புவதா? வீட்டில் வைத்து வைத்தியம் செய்தால் நோய் தீராது, குடும்பம் முழுவதற்கும் பரவிவிடும் என்று அஞ்சியவர் பலர். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் அச்சத்தை வைத்துக்கொண்டு ஒரு நாட்டின் பணத்தைப் பங்கிட முடியாது. உண்மையைச் சோதித்தே அறியவேண்டும்.

சென்னையில் 1956-இல் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் அதில் கைகோத்தன. நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழை நோயாளரை இரு பிரிவாகப் பிரித்தனர். யார் எப்பிரிவு என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல், சீட்டுக் குலுக்குவதுபோல் நடுநிலையாக முடிவுசெய்தனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில், நல்ல உணவும் ஓய்வும் பெற்று, ஓராண்டு மருந்துண்டனர். மற்றவர் தம் சிறு வீடுகளிலேயே, வறிய உணவை உண்டுகொண்டே, அதே மருந்தை உண்டனர்.

1959-இல் முடிவு வெளியாயிற்று. ஓராண்டின் இறுதியில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் நூற்றுக்கு 86 பேர். வேறுபாடு சிறிது. வீட்டிலிருந்த நோயாளியின் சுற்றத்தாருக்கு அதனால் நோய் மிகுதியாகத் தொற்றவும் இல்லை. உலகமே இதனை வியந்து நோக்கியது. ஒரு படுக்கைக்கு ஆகும் செலவில் பல வீடுகளுக்கு மருந்து தரலாம் என்ற உண்மை தெளிவாயிற்று. 1962-இல் தொடங்கிய நமது தேசியக் காசநோய்த் திட்டம் இந்த அடிப்படையிலேயே வகுக்கப்பட்டது. ஆரோக்கியவரம் இன்று பொது மருத்துவமனையாகத் தொடர்ந்து நடைபெறுகிறது. சானடோரியம் தவறு என்று இதற்குப் பொருளில்லை. மருந்து வந்தபின் அதே பணம் வேறு வழியில் மேலும் பல உயிர்களைக் காக்கக்கூடும் என்பதே பொருள். கணக்கு என்பது கருணைக்குப் பகை அன்று. சில வேளைகளில் கருணையைப் பலருக்கும் எட்டச் செய்யும் கருவி அதுவே.

இனி நம் காலத்துக்கு வருவோம். ஆந்திர அரசாங்கம் 2007-இல் ஆரோக்யஸ்ரீ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. 2008-க்குள் அது மாநிலம் முழுவதும் பரவியது. இருதய அறுவை, புற்றுநோய்ச் சிகிச்சை போன்ற பெருஞ்செலவுகளை ஏழைக் குடும்பங்களுக்காக அரசே ஏற்றது. நிலத்தையும் நகையையும் விற்காமல் உயிர் பிழைத்தவர்கள் எண்ணற்றோர். தமிழ்நாடும் 2009-இல் இத்தகைய காப்பீட்டுத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. இவற்றின் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆயினும் அறிஞர்கள் ஒரு கேள்வியை விடாமல் எழுப்பி வந்திருக்கின்றனர். அடைத்துப்போன இருதயக் குழாய்க்கு லட்சங்களைத் தரும் அரசு, அது அடைத்துப்போகாமல் தடுக்கும் அன்றாட மாத்திரைக்கு என்ன தருகிறது? நம் மண்டிக் கணக்கர் விட்டுவிட்ட அதே வரியைத்தான் அரசுகளும் விட்டுவிடுகின்றனவோ?

அறுவைக்குப் பயனாளி கண்முன் நிற்கிறார். அவர் கைகூப்பி நன்றி சொல்கிறார். மாத்திரையால் பக்கவாதம் வராமலே போனவர் யாரென்று எவருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது! காணாத நன்மைக்குக் கணக்குத்தான் சாட்சி சொல்லவேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில், நம் குப்பத்தை அடுத்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில், மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் தொடங்கப்பெற்றது. இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்தை வீட்டுக்கே கொண்டுசெல்வது அதன் நோக்கம். 1956-இல் கேட்ட கேள்விக்கு வேறொரு நோயில் கிடைத்த அதே விடை இது எனலாம்.

மருந்தின் விலையைப் பற்றியும் ஒரு சொல். கத்தரிக்காய் வாங்கும்போது நாம் பார்த்துத் தேர்கிறோம், பேரம் பேசுகிறோம். மருந்தை அப்படி வாங்க இயலாது. தேர்பவர் மருத்துவர்; உண்பவர் நோயாளி; பணம் கொடுப்பவர் சில வேளைகளில் மூன்றாமவர். கென்னத் ஆரோ என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் 1963-இல் எழுதிய ஒரு கட்டுரையில், அறியாமையும் நிச்சயமின்மையும் மிகுந்த இந்தச் சந்தை மற்றச் சந்தைகளைப் போன்றதன்று என்று விளக்கினார். ஆகவே விலையை முழுவதும் சந்தையின் போக்குக்கு விட்டுவிட நாடுகள் தயங்குகின்றன.

நம் நாட்டில் இதற்குப் பல வழிகள் கையாளப்பட்டுள்ளன. 1994-இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்துகளை மொத்தமாக, வாணிகப் பெயரால் அன்றி மூலப்பெயரால், ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்குகிறது. தரத்தைச் சோதித்தபின்னரே அனுப்புகிறது. வேறு மாநிலங்கள் பலவும் இந்த முறையைப் பின்பற்றின. 2013-ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, அத்தியாவசிய மருந்துகளுக்கு உச்சவிலை வைக்கப்படுகிறது. 2017 பிப்ரவரியில் இருதயக் குழாயில் வைக்கும் ஸ்டென்ட்டுக்கும் உச்சவிலை வந்தது. மருந்து பூசிய வகைக்கு அப்போது குறிக்கப்பட்ட விலை 29,600 ரூபாய். அதற்கு முன் ஒரு லட்சத்துக்கு மேலும் அது விற்றதுண்டு.

இவற்றினும் பெரிய நிகழ்ச்சி 2012-இல் நடந்தது. ஈரல், சிறுநீரகப் புற்றுநோய்களுக்குரிய ஒரு மருந்தின் ஒரு மாத விலை ஏறத்தாழ 2,80,000 ரூபாயாக இருந்தது. காப்புரிமைக் கட்டுப்பாட்டதிகாரி, பொதுமக்களின் எட்டாத விலை இது என்று கண்டு, ஐதராபாத்தைச் சேர்ந்த நாட்கோ நிறுவனம் அதனைச் செய்து ஒன்பதாயிரம் ரூபாய்க்கும் குறைவாக விற்கக் கட்டாய உரிமம் வழங்கினார். புதிய மருந்தைக் கண்டுபிடிப்பவனுக்கு ஊதியம் வேண்டாமா என்று கேட்பவர் உண்டு. வேண்டும். ஆனால் வாங்க ஆளில்லாத மருந்து, கண்டுபிடிக்கப்படாத மருந்துக்கு எவ்வகையில் மேலானது? இவ்விரண்டுக்கும் இடையே நேர்மையான கோடு போடுவதே இத்துறையின் கடினமான வேலை.

இங்கிலாந்தில் 1999-இல் நிறுவப்பெற்ற ஓர் அமைப்பு, புதிய சிகிச்சை ஒவ்வொன்றும் நல்ல உடல்நலத்தோடு கூடிய ஓராண்டு வாழ்வை என்ன செலவில் தருகிறது என்று கணக்கிடுகிறது. நம் நாட்டிலும் 2017 முதல் சுகாதாரத் தொழில்நுட்ப மதிப்பீட்டுக்கென ஓர் அமைப்பு இயங்குகிறது. இந்த அளவுகோல் பயனுள்ளது, முழுமையானதன்று. அரிய நோய் கொண்ட ஒரு குழந்தைக்காகத் தாய் கேட்கும்போது, சராசரியைக் காட்டி வாயடைக்கலாகாது. கணக்கு வழியைக் காட்டட்டும். முடிவு செய்யவேண்டியது மனிதர்தாம்.

ஒரு நற்செய்தியும் உண்டு. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து நேரே கொடுத்தது 2013-14-இல் நூற்றுக்கு 64 பங்காக இருந்தது. 2021-22-இல் 39 பங்காகக் குறைந்தது என்கிறது தேசிய சுகாதாரக் கணக்கு. ஆயினும் 39 பங்கு என்பது சிறிய சுமையன்று. அதில் பெரும்பகுதி அறுவைக்கன்று, மருந்துக்கே செல்கிறது.

அயல் மாநிலங்களில் வாழும் தமிழ் அன்பர்களுக்கு இறுதியாகச் சில சொற்கள். மாநிலக் காப்பீட்டுத் திட்டங்கள் அந்தந்த மாநிலக் குடும்பங்களுக்கே உரியவை. உங்கள் குடும்ப அட்டை எங்கிருக்கிறது, அது எந்த மருத்துவமனையில் செல்லும் என்பதை நோய் வருமுன்பே கேட்டறிந்து கொள்ளுங்கள். 2018-இல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டம் மாநில எல்லை கடந்து பயன் தரக்கூடியது; 2024 அக்டோபர் முதல் எழுபது வயது நிறைந்த முதியோர் அனைவருக்கும், வருமானம் பாராமல், அதில் இடமுண்டு. மருத்துவர் எழுதும் மருந்தின் மூலப்பெயர் யாது, அதே மருந்து மக்கள் மருந்தகத்தில் கிடைக்குமா என்று பணிவோடு கேளுங்கள். கேட்பது குற்றமன்று.

மண்டிக் கணக்கரிடம் மீண்டும் செல்வோம். அவர் வீட்டு வரவு செலவு நோட்டில் அரிசி, வாடகை, கட்டணம் என்று வரிகள் இருந்தன. மாத்திரை என்ற வரி இருந்தது; பின்னர் அடிக்கப்பட்டது. அந்த ஒரு வரியை அடிக்காமல் வைத்திருப்பதற்கு அவருக்கு அறிவுரை மட்டும் போதாது. மாத்திரை எட்டும் விலையில், எட்டும் இடத்தில் கிடைக்கவும் வேண்டும். முன்னது அவர் கடமை. பின்னது நம் அனைவரின் கடமை.