பந்தயக் காருக்குப் போகும் வழி
(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பந்தயக் கார்த் தொழிலைப் பற்றி இம்மேடையிற் பேசப் போகிறோம் என்று சொன்னதும், "அது பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டன்றோ? அதிலே தொழில் என்ன இருக்கிறது?" என்று பெரியோர் சிலர் கேட்டனர். இளைஞர் சிலரோ, "எவ்வளவு வேகம்? எவ்வளவு சம்பளம்?" என்று கேட்டனர். இரு திறத்தாரும் காரின் சுக்கானை மட்டுமே பார்க்கின்றனர். எஞ்சின் மூடியைத் திறந்து உள்ளேயும் சற்றுப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இன்று நாம் வந்திருக்கிறோம்.

இது வெறும் பொழுதுபோக்குப் பேச்சன்று. எம் மன்றத்துத் தம்பி ஒருவர், உயர்தரப் பரீட்சைக்கு ஆறு மாதமே இருக்கையில், புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பந்தயச் சாரதியாகப் போவதென்று நிற்கிறார். தகப்பனார் மகனோடு முகங்கொடுத்துப் பேசி ஒரு மாதமாகிறது. தாயாரோ, தோட்டக் காணியை ஈடுவைத்தாவது பிள்ளையை அனுப்பலாமா என்று யோசிக்கிறார். பெயர் சொல்ல மாட்டோம், சொல்லவும் தேவையில்லை. அந்த வீட்டுக்குத் தெளிவான ஒரு விடை வேண்டியிருக்கிறது. பொறியியல் பயிலும் மாணவர் என்ற முறையில், எமக்குத் தெரிந்ததைச் சபையின் முன் வைக்கிறோம்.

நியூசிலாந்து நாட்டில், ஓக்லாந்து நகரத்தில், பெற்றோல் நிலையமும் கராஜும் வைத்திருந்த ஒரு குடும்பத்தில் 1937 ஆம் ஆண்டு பிறந்தவர் புரூஸ் மக்லாரன். ஒன்பதாம் வயதில் அவருக்கு இடுப்பெலும்பைப் பழுதாக்கும் பேர்தஸ் என்னும் நோய் கண்டது. ஏறத்தாழ இரண்டு வருடம் கட்டிலிலேயே கிடந்தார். எழுந்தபோது இடது கால் மற்றக் காலிலும் குட்டையாக இருந்தது. வாழ்நாள் முழுவதும் நொண்டியே நடந்தார். ஓடியாட இயலாத அந்தப் பையனுக்குத் தகப்பனாரின் கராஜே விளையாட்டிடமாயிற்று. பழைய ஒஸ்ரின் செவன் கார் ஒன்றைத் தகப்பனும் மகனும் பிரித்துப் பூட்டினர். அந்தக் காரிலேயே, பதினைந்து வயதளவில், மலையேற்றப் போட்டியொன்றில் முதன்முதல் இறங்கினார். எஞ்சினியரிங் படிக்கவும் சேர்ந்தார். 1958 இல், இளஞ்சாரதி ஒருவரைத் தேர்ந்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் திட்டமொன்றை நியூசிலாந்தார் தொடங்கியபோது, முதலாவதாகத் தெரியப்பட்டவர் இவரே.

அடுத்த வருடமே இங்கிலாந்தின் கூப்பர்க் குழுவில் இடங்கிடைத்தது. அதே குழுவில் முதற் சாரதியாக இருந்தவர் அவுஸ்திரேலியரான ஜக் பிரபாம். 1959 டிசம்பர் 12 ஆம் திகதி, அமெரிக்காவின் சீப்ரிங்கில் அவ்வருடத்தின் கடைசிப் பந்தயம். முன்னணியில் வந்துகொண்டிருந்த பிரபாமின் கார் இறுதிச் சுற்றில் பெற்றோல் தீர்ந்து நின்றுவிட்டது. மக்லாரன் கடந்து சென்று வெற்றி பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது 22. பிரபாமோ காரிலிருந்து இறங்கி, தம் கையாலேயே அதைத் தள்ளிக்கொண்டு எல்லையைக் கடந்து நான்காமிடம் பெற்று, அவ்வருடத்து உலகச் சம்பியனும் ஆனார். வண்டிச் சவாரியில் மாடு படுத்தால் வண்டிக்காரன் நுகத்தில் தோள்கொடுத்து இழுத்த கதைகளை எம் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். உலகச் சம்பியன் பட்டமும் ஒரு நாள் அப்படித்தான் கிடைத்தது.

இவை யாவும் பத்திரிகைக்காரர் விரும்பும் செய்திகள். மக்லாரனை நாம் மதிப்பது வேறொரு காரணத்தால். 1963 இல் சொந்தக் குழுவைத் தொடங்கிய பின், புதிய காரொன்றை அவரே ஓட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார். எரிபொருள் ஊற்றும் வாய்க்கு மேலுள்ள சிறு கதவு படபடவென்று மேலும் கீழும் அடித்தது. வேகம் கூடினால் காற்று அதை அழுத்தி மூடவேண்டும். அதுவோ கூடுதலாக அடித்தது. சாதாரணச் சாரதி என்ன செய்வான்? பூட்டுச் சரியில்லை என்று மெக்கானிக்கை ஏசிவிட்டுப் போவான். மக்லாரனுக்கும் முதலில் எரிச்சல் வந்ததாகவே சொல்வர். அடுத்த கணம் அவர் எண்ணியது வேறு: கதவு மேலே எழும்புகிறதென்றால், மேலுள்ள காற்றின் அமுக்கத்திலும் உள்ளேயுள்ள காற்றின் அமுக்கம் கூடியிருக்கவேண்டும், றேடியேற்றருக்குள் புகும் காற்று வெளியேற வழியின்றி முன்மூக்கினுள் தேங்கி நிற்கிறது. காரை நிறுத்தினார். தகரம் வெட்டும் கத்தரியை வாங்கினார். றேடியேற்றருக்குப் பின்னால் உடற்றகட்டை வெட்டித் திறந்தார். மறுபடி ஏறி ஓட்டியபோது சுற்று நேரம் குறைந்தது. பிற்காலத்துப் பந்தயக் கார்கள் பலவற்றின் முன்மூக்கில் நாசித்துவாரம் போலக் காணப்படும் திறப்புகளின் கதை இதுதான்.

கல்லூரி வகுப்பில் அமுக்கத்தைப் பற்றி நாமும் படித்தோம். பரீட்சையில் எழுதி மறந்தோம். அதே பாடம் ஒரு கதவின் படபடப்பில் தென்பட்டவுடன் அடையாளங் காணும் கண்தான் இத்தொழிலின் மூலதனம்.

பிரபாமின் வழியும் இதுவே. பதினைந்து வயதில் பள்ளியை விட்டு, பகலிற் கராஜிலும் மாலையில் தொழில்நுட்பப் பாடசாலையிலும் பயின்றார். அவுஸ்திரேலிய விமானப் படையில் மெக்கானிக்காக இருந்தார். பின்னர் சிறிய வேலைத்தளம் ஒன்றை நடத்தினார். 1966 இல், தம் பெயர் தாங்கிய காரையே ஓட்டி உலகச் சம்பியனான ஒரே மனிதர் அவர். அந்த எஞ்சினின் அடிப்படை, அமெரிக்கர் தெருவில் ஓடும் காருக்கென வார்த்த ஒரு அலுமினியக் கட்டை. எதிரிகளின் எஞ்சின்களிற் சில அதனிலும் பலம் வாய்ந்தவை. ஆயினும் இது பழுதாகாமல் ஓடி முடித்தது. நாற்பது வயதாகிவிட்டதென்று பத்திரிகைகள் கேலிபண்ண, அவர் ஒல்லாந்துப் பந்தயத்துக்குப் பொய்த்தாடி ஒட்டி, தடியூன்றி நொண்டிக்கொண்டு தம் காருக்குப் போனார். அன்றும் வென்றார்! பெரியோர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

கையில் காசில்லாதவர்கள் கிரகாம் ஹில்லின் கதையைக் கேளுங்கள். கருவி செய்யும் ஒரு கம்பனியில் ஐந்து வருடம் தொழில் பழகியவர். 24 வயதுவரை அவருக்குக் கார் ஓட்டவே தெரியாது. பிராண்ட்ஸ் ஹச் ஓடுபாதையில் ஒரு சுற்றுக்கு ஐந்து சிலிங் என்று விளம்பரம் பார்த்து, ஒரு பவுண் கொடுத்து நான்கு சுற்று ஓடினார். அந்த நான்கு சுற்று அவரைப் பிடித்துக்கொண்டது. அதன்பின் காசு கொடுக்கவில்லை. மெக்கானிக் வேலையைக் கொடுத்து ஓடும் வாய்ப்பைப் பெற்றார். பொறியியலாளரான கொலின் சப்மனின் லோட்டஸ் வேலைத்தளத்தில் நாளொன்றுக்கு ஒரு பவுணுக்கு உழைத்தார். 1962 இலும் 1968 இலும் உலகச் சம்பியன் ஆனவர் இந்த மெக்கானிக்தான்.

அமெரிக்கரான மார்க் டொனகூவோ எம் போன்ற பட்டப்படிப்புக்காரர். பிரவுண் பல்கலைக்கழகத்தில் 1959 இல் எந்திரப் பொறியியற் பட்டம் பெற்றவர். தார் போட்ட வெளியிலே வட்டம் வரைந்து, காரை அதன்மீது சுற்றிச்சுற்றி ஓட்டி நேரம் அளப்பது அவர் வழக்கம். பார்ப்போருக்குச் செக்குமாடு போலத் தோன்றும். கணக்கைப் பாருங்கள். வட்டத்தின் ஆரை 30 மீற்றர் என்று கொள்வோம். சுற்றளவு 188 மீற்றர் சொச்சம். ஒரு சுற்றுக்கு 13 வினாடி பிடித்தால் வேகம் வினாடிக்கு 14.5 மீற்றர். வேகத்தின் வர்க்கத்தை ஆரையாற் பிரித்தால் ஏறத்தாழ 7. அதாவது புவியீர்ப்பின் பத்தில் ஏழு பங்கு. அதுதான் அந்தக் காரின் பக்கப் பிடிப்பு. ஒரு கம்பிச்சுருளை மாற்று, மறுபடி சுற்று. நேரம் அரை வினாடி குறைந்தால் மாற்றம் நல்லது; கூடினால் பழையதைப் பூட்டு. மிஷன் கல்லூரியில் வட்ட இயக்கம் படித்தபோது கயிற்றிற் கட்டிய கல்லைத் தவிர வேறு உதாரணம் எமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் பின்வாங்கில் தூங்கியவர்களும் விழித்திருப்பார்கள்.

இனி, தாய்மார் மனத்திலுள்ள கேள்விக்கு வருவோம். ஆம், இது உயிரை வாங்கிய தொழில். 1970 ஜூன் 2 ஆம் திகதி, இங்கிலாந்தின் குட்வூட் ஓடுபாதையில், மக்லாரன் தமது புதிய காரைச் சோதித்துக்கொண்டிருந்தபோது பின்பக்க உடற்றகடு கழன்றது. கார் கட்டுமீறி மோதியது. 32 வயதில் இறந்தார். டொனகூ 1975 இல் ஒஸ்திரியாவில் நடந்த பயிற்சி விபத்தின் பின் இறந்தார். இதை மறைத்து இத்தொழிலைப் புகழ்வது ஏமாற்று. ஆனால் அன்றைய காரும் இன்றைய காரும் ஒன்றல்ல. 2020 இல் பஹ்ரெயின் பந்தயத்தில் பிரெஞ்சுக்காரரான கிரோஜானின் கார் இரும்பு வேலியைப் பிளந்து இரண்டாக முறிந்து தீப்பற்றியது. ஏறத்தாழ 28 வினாடி நெருப்புக்குள் இருந்தவர் தம் கால்களால் வெளியே வந்தார். தலைக்கு மேலே வளைந்து நிற்கும் தைற்றேனியச் சட்டம் இல்லாவிடில் அவர் இல்லை. 2018 இல் அதைக் கட்டாயமாக்கியபோது, அழகைக் கெடுக்கிறது என்று பலர் முணுமுணுத்தனர். கிரோஜானே அதை எதிர்த்தவர்களுள் ஒருவர். அந்தச் சட்டத்தைக் கணக்கிட்டுச் சோதித்தவர்களின் பெயரை யாரும் மேடையிற் சொல்வதில்லை. பந்தயத் தொழிலில் எமக்கு மிகவும் பிடித்த உத்தியோகம் அவர்களுடையதே.

இக்கால வழி எப்படி? சாரதிகள் எட்டு ஒன்பது வயதிலேயே கார்ட் என்னும் சின்ன வண்டியில் தொடங்குகின்றனர். போர்முலா ஒன்றுக்குரிய அனுமதிப்பத்திரத்துக்குப் பொதுவாக 18 வயது ஆகவேண்டும். கீழ்நிலைப் போட்டிகளில் மூன்று வருடத்துள் 40 புள்ளி சேர்க்கவேண்டும். ஒவ்வொரு படியிலும் பணம் கொட்டவேண்டும். கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005 இல் ஜோர்டன் குழுவில் ஓடி, போர்முலா ஒன்றில் இறங்கிய முதல் இந்தியரானார். அவருடைய தகப்பனாரே பேர்பெற்ற றாலிச் சாரதி. அவ்வருடம் அமெரிக்கப் பந்தயத்தில் நான்காமிடம் பெற்றார் என்று பெருமையாகச் சொல்வர். அன்று ரயர்ச் சிக்கலால் மற்றவர்கள் விலகிக்கொள்ள, ஓடியவை ஆறு கார்களே என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. அந்த உயரத்தை எட்டுவதே அரிது என்பதை மறுக்கவில்லை.

பொறியியல் வாசலோ இத்தனை ஒடுக்கமன்று. மாணவர்களே சிறு பந்தயக் காரொன்றை வரைந்து, செய்து, ஓட்டிக் காட்டும் போட்டி அமெரிக்காவில் 1981 இலும் இங்கிலாந்தில் 1998 இலும் தொடங்கியது. எமக்கு அண்மையில், கோயம்புத்தூர் ஓடுபாதையிலும் இத்தகைய போட்டி நடந்திருக்கிறது. மொத்தம் 1000 புள்ளி. அவற்றுள் 325 புள்ளி கார் ஓரடி நகருமுன்பே தீர்மானமாகும்: ஏன் இப்படி வரைந்தாய், என்ன செலவு, இதை எப்படி விற்பாய் என்று நடுவர் குடைந்து கேட்பர். பெருங்குழுக்களில் வேலை தேடுவோருக்கு இது நல்ல சிபாரிசு. சகோதரிகளும் கேளுங்கள்: இந்திய வம்சாவளியினரான லீனா கேட் என்ற பெண், மன்செஸ்ரரில் விண்வெளிப் பொறியியல் படித்தவர், 2011 இல் லு மான் 24 மணிப் பந்தயத்தில் வென்ற அவுடிக் காரின் பந்தயப் பொறியியலாளர். காரிலிருந்து வரும் அளவுகளைப் படித்து, எப்போது நிற்பது, எந்த ரயர் பூட்டுவது என்று சாரதிக்குக் காதிற் சொல்வது அவர் பொறுப்பு. பொறியியலாளராக அந்தப் பந்தயத்தை வென்ற முதற் பெண் அவரே.

ஆகவே அந்த வீட்டாருக்கு எமது விடை இது. காணியை ஈடுவைக்க வேண்டாம். ஒரு பருவம் ஓடி முடியுமுன் காணி போய்விடும், அடுத்த பருவத்துக்குக் கேட்பதற்கு ஒன்றும் இராது. தம்பி பரீட்சையை எழுதட்டும். கணிதமும் பௌதிகமுமே அவர் கேட்கும் வாசலின் திறப்பு. அதே வேளை, தகப்பனார் பிள்ளையின் ஆசையைத் தறுதலைத்தனம் என்று தள்ளாமல், விடுமுறையில் நல்ல கராஜ் ஒன்றிலே சம்பளமின்றி வேலை பழக விடட்டும். கை நிறைய ஒயிலோடு வீடு வருகிறானே என்று தாயார் வருந்தவேண்டியதில்லை. மூன்று மாதம் எஞ்சினைக் கழுவிய பின்பும் ஆசை அடங்காவிடில் அது உண்மையான ஆசை. ஓட்டும் திறமை உண்டா என்பதை அறிய வாடகைக் கார்ட் வண்டியும் ஓடுபாதையும் போதும். சில ஆயிரம் ரூபாயில் தெரிந்துவிடும்.

நிருவாக சபையாரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. மண்டபத்துக்குப் பின்னாலுள்ள கொட்டிலில் உடைந்த கதிரைகளே கிடக்கின்றன. அதை எமக்குத் தந்தால், பழைய கார் ஒன்றின் எஞ்சினைப் பிரித்துப் பூட்டிப் பழகும் வகுப்பை அங்கே தொடங்கலாம். உறுப்பினர் ஒருவர் ஓடாத மொறிஸ் மைனர் ஒன்றை இலவசமாகத் தர முன்வந்திருக்கிறார். அனுமதி கிடைத்தால் வருகிற சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்குத் தொடங்குவோம். எஞ்சினை இறக்க நாலு பேரும், ஒரு சங்கிலிக் கப்பியும் வேண்டும். கப்பி வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் எம்மைச் சந்திக்கவும்.