வெளியூர்ப் பணம் வீடு வந்து சேர

(பண்ணைக் குடும்பங்களுக்கான வானொலிப் பேச்சு)



நம்ம பிரம்மதேசம், திண்டிவனம் பக்கம் நெல்லும் மல்லாட்டையும் போடுகிற பல வீடுகளில் ஒரு பிள்ளை வெளியூரில் இருக்கிறான். சென்னையில் கட்டட வேலை, இல்லாவிட்டால் சிங்கப்பூர், துபாய். 2015-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலிருந்து வெளிநாடு போயிருந்தவர்கள் மட்டும் சுமார் 22 லட்சம் பேர். மாசா மாசம் பணம் வருது. ஆனாலும் சில வீடுகளில் கஷ்டம் தீரவில்லையே, ஏன்?

வட்டிதான். ஏஜெண்டுக்குக் கொடுக்க ஒரு லட்சம் ரூபாய், மூணு வட்டிக்கு வாங்கினோம் என்று வையுங்கள். மாதம் 3,000, வருஷத்துக்கு 36,000. வட்டியை மட்டும் கட்டினால் பத்து வருஷம் ஆனாலும் அசல் அசையாது. அசலும் சேர்த்து மாதம் 6,000 கட்டினால் இரண்டே வருஷத்தில் தீர்ந்துவிடும். 'அசலைத் துண்டு துண்டாக வாங்க மாட்டேன்' என்கிறாரா கடன் கொடுத்தவர்? வீட்டில் நகை இருந்தால் வங்கியில் அடகு வைத்து, அந்தக் கடனை ஒரேயடியாக அடைத்துவிடுங்கள். வங்கி நகைக்கடனுக்கு வட்டி, இந்த மூணு வட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழேதான். மாடி கட்டுவதும் காதுகுத்து விருந்தும் அப்புறம் ஆகட்டும். சொன்னால் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன்.

பயிர்ச் செலவுக்கும் வட்டிக்காரரிடம் போக வேண்டியதில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கித் தவணைக்குள் கட்டினால் நம் மாநிலத்தில் வட்டியே கிடையாது. வங்கியில் கிசான் கார்டு என்றால், 3 லட்சம் வரை, ஒழுங்காகக் கட்டுகிறவருக்கு 4 சதவீதம். பிள்ளை அனுப்பும் பணத்தில் தவணையைத் தவறாமல் கட்டிவிடலாமே.

அந்தப் பணம் எந்த வழியாக வருகிறது என்பதும் முக்கியம். உண்டியலில் அனுப்பினால் சட்டமும் இடிக்கும், நடுவில் பணம் போனால் கேட்பாரும் இல்லை. சிங்கப்பூரிலிருந்து 2023 பிப்ரவரி முதல் கைப்பேசி வழியாகவே வங்கிக் கணக்குக்கு அனுப்பலாம். ஊரில் இருக்கிற மனைவி பேரில் கணக்கு இருக்கட்டும். பாஸ்புக்கில் மாசா மாசம் வரவு பதிந்திருந்தால், நாளைக்குக் கறவை மாட்டுக் கடன் கேட்கும்போது மேனேஜரிடம் காட்டலாம். 2014-இல் வந்த ஜன்தன் கணக்குக்குக் குறைந்தபட்ச இருப்பு வேண்டாம். வங்கிக்கு நடக்க முடியாத பெரியவர்களுக்குத் தபால்காரரே கைரேகை வாங்கிக்கொண்டு பணம் தருகிறார்.

இன்னொன்று. சாரத்தில் ஏறி வேலை செய்கிற பிள்ளைக்கு, வருஷம் 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு உண்டு. வங்கியில் ஒரு தரம் எழுதிக் கொடுத்தால் போதும், அவர்களே பிடித்துக்கொள்வார்கள். மே மாசக் கடைசியில் அவன் கணக்கில் அந்த 20 ரூபாய் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.