கோமளா யார்?

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் போகிறவர்கள், சிராங்கூன் சாலை கோமள விலாஸில் ஒரு காப்பி குடிக்காமல் திரும்புவது அபூர்வம். அந்தக் கோமளா யார்?

முதலாளியின் மனைவி! கருணாநிதி வன்னியர் என்பவர் ‘ஸ்ரீ கோமள விலாஸ்’ என்று தம் மனைவி பெயரில் உணவகம் வைத்திருந்தார். 1937-இல் அங்கே பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தவர் முருகையா ராஜு. பத்தாண்டு உழைப்பு. 1947-இல் வன்னியர் ஊருக்குத் திரும்பியபோது கடையை ராஜுவே வாங்கிவிட்டார். பெயரில் ‘ஸ்ரீ’யை மட்டும் எடுத்தார், கோமளாவைத் தொடவில்லை. கூட்டம் பழகிய பெயரை மாற்ற எந்த வியாபாரிக்குத்தான் மனம் வரும்?

சற்றுத் தள்ளி, சையது ஆல்வி சாலையில் முஸ்தபா சென்டர். அதை வளர்த்தவர் முஸ்தாக் அகமது; முஸ்தபா அவருடைய அப்பா. உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்து தள்ளுவண்டியில் பிழைத்தவர். 1971-இல் கேம்பல் லேனில் துணிக்கடை திறந்தபோது சித்தப்பா சம்சுதீனும் கூட்டாளி. நிறுவனப் பெயரில் இருவருக்கும் இடம் உண்டு. மக்கள் வாயில் நின்றது முஸ்தபா மட்டும். பாவம், சித்தப்பா!

ஊருக்குப் போகும்போது முஸ்தபாவில் நாம் மறக்காமல் வாங்கும் கோடாலித் தைலமும் இந்த ஊர்ச் சரக்குதான், 1928 முதல். அதன் நிறுவனப் பெயர் லியுங் காய் ஃபூக். கடையில் அப்படிக் கேட்டு யாராவது வாங்கியிருக்கிறோமா? புட்டியில் கோடாலி இருந்தால் போதும்.