1975: தொலைக்காட்சி வந்த ஆண்டு
(பங்கின் விழா மாலையில் மூத்தோர் சார்பில் ஆற்றிய உரை)



பழைய நாட்களில் ஓர் ஆண்டை எடுத்துப் பேசும்படி மூத்தோராகிய எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். நாங்கள் 1975-ஐ எடுத்துக்கொண்டோம். அந்த ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள்தான் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. தில்லியில் 1959 செப்டம்பர் 15 அன்று சோதனையாகத் தொடங்கிய ஒளிபரப்பு நம்மை வந்தடைய ஏறக்குறைய 16 ஆண்டுகள் ஆயின.

கறுப்பு வெள்ளைப் படம். மாலையில் சில மணி நேரம் மட்டும். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கமெல்லாம் தெருவுக்கு ஒரு பெட்டி இருந்தாலே பெரிது. அதற்கு அஞ்சலகத்தில் லைசென்ஸ் பணம் கட்ட வேண்டும். மொட்டை மாடியில் நிற்கும் ஆன்டெனா சென்னைக் கோபுரத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். காற்றடித்தாலும் காகம் உட்கார்ந்தாலும் திரும்பிக்கொள்ளும். மேலே ஒருவர் குழாயைப் பிடித்துக்கொண்டு "தெரியுதா?" என்பார், கீழேயிருந்து "இன்னும் கொஞ்சம் திருப்புங்க" என்று குரல் வரும். பின்னர் வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' வந்த காலத்தில், பெட்டியுள்ள வீட்டுக்காரர் பாய் விரித்துவைக்க, தெருப்பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான்.

இதைச் சொன்னால் இளைஞர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் சிரித்துவிட்டுப் போக முடியாத செய்தியும் அந்த ஆண்டில் உண்டு.

1975 ஜூன் 25 அன்று நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. செய்தித்தாள்களுக்குத் தணிக்கை வந்தது. சில நாளேடுகள் தலையங்க இடத்தை வெற்றிடமாக விட்டன. நம் சென்னையில் சோ அவர்களின் 'துக்ளக்' கறுப்பு அட்டையோடு வந்தது. செய்தி ஒலிபரப்புத் துறையைக் கவனித்த ஐ. கே. குஜ்ரால் மாற்றப்பட்டு, வித்யா சரண் சுக்லா அமைச்சரானார். இது நடந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில்தான் நம் ஊருக்குத் தொலைக்காட்சி வந்தது. அப்போது அது அகில இந்திய வானொலியின் ஒரு பகுதி; 1976 ஏப்ரல் 1 அன்றுதான் தனித்துறையாயிற்று. இரண்டும் அரசின் கையில் இருந்தன.

நன்மையும் நடந்தது. அதே ஆகஸ்டில், செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு வேளாண்மை, உடல்நலம், கல்வி நிகழ்ச்சிகள் சென்றன. ஆனால் 1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டு அமைச்சரவை கலைக்கப்பட்டு, பலர் மிசா சட்டத்தில் சிறை சென்றபோது, முழுச் செய்தி அறிய விரும்பியவர்கள் திரையின்முன் உட்காரவில்லை. சிற்றலை வானொலியைத் திருகி இலண்டன் தமிழோசையைத் தேடினார்கள். 1977 பிப்ரவரியில் தில்லியில் எதிர்க்கட்சிகளின் பெருங்கூட்டம் நடந்த மாலையில், மக்களை வீட்டிலேயே இருத்த 'பாபி' என்ற இந்திப் படத்தைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. கூட்டம் குறையவில்லை.

இந்த ஆபத்தை முன்பே உணர்ந்த ஒருவரை இங்கு நினைவுகூர வேண்டும். 1842-இல் சென்னைக்கு வந்து கல்விப்பணி தொடங்கிய பிரசன்டேஷன் கன்னியரின் தாய்நாடான அயர்லாந்தில், 1961 டிசம்பர் 31 இரவு தொலைக்காட்சி தொடங்கியது. அன்று பேசிய குடியரசுத் தலைவர் டி வலேரா வெறும் வாழ்த்துச் சொல்லி முடிக்கவில்லை. இக்கருவியை அணுசக்திக்கு ஒப்பிட்டு, அளவற்ற நன்மையும் செய்யும், ஈடுசெய்ய முடியாத கேடும் செய்யும் என்று எச்சரித்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1963-இல், இரண்டாம் வத்திக்கான் சங்கமும் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய தன் ஆணையில், செய்தி அறியும் உரிமை மனித சமுதாயத்திற்கு உண்டு என்று அறிவித்தது.

நெருக்கடி நிலை 1977 மார்ச்சில் நீங்கியது. ஆயினும் வானொலியையும் தொலைக்காட்சியையும் நடத்தும் பிரசார் பாரதி என்னும் தனி அமைப்பு செயலுக்கு வர 1997 ஆயிற்று.

அன்புப் பங்கு மக்களே, இன்று ஆன்டெனாவும் இல்லை, லைசென்சும் இல்லை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு திரை. அரசு மட்டுமல்ல, யார் வேண்டுமானாலும் எதையும் அனுப்பலாம். நாமும் ஒரு நொடியில் பத்துப் பேருக்குத் தள்ளிவிடுகிறோம். அதில் ஒரு சாதியையோ சமயத்தையோ பழிக்கும் பொய் இருந்தால், அதைப் பரப்பிய கை நம்முடையதாகிவிடும்.

ஆகவே 1975 கற்றுத்தந்த இரண்டு கேள்விகளை இளைஞர்களிடம் ஒப்படைக்கிறோம். இதைக் காட்டுகிறவர் யார்? அவர் காட்டாமல் விட்டது எது? விடை தெரியும்வரை அனுப்பாதீர்கள். சம்பவம் நடந்த ஊரில் தெரிந்தவர் இருந்தால் ஒரு வார்த்தை கேளுங்கள். பக்கத்து வீட்டாரைப் பற்றிய செய்தியானால், எழுந்துபோய் அவர்கள் வாசலிலேயே கேட்டுவிடுங்கள்.