ரீசேல் வேல்யூ பார்த்து கிட்டார் வாங்கலாமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னிக்கு விருந்தினர் யாரும் இல்ல, நான் மட்டும்தான். வந்த வாய்ஸ் நோட்ல ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கிட்டு அதை மட்டும் பேசப் போறேன்.

கேள்வி சேலையூர்ல இருந்து. ஐடி வேலை, ரெண்டு வருஷம் ஆச்சு, வாடகை வீடு. கிட்டார் ஓரளவு வாசிப்பார். இப்போ பெடல் ஸ்டீல் கிட்டார் மேல ஆசை வந்திருக்கு. அவர் சொல்றது: "அண்ணா, எந்த பிராண்டை அதிகம் பேர் வச்சிருக்காங்களோ, வித்தா எது நல்ல விலைக்குப் போகுமோ, அதையே வாங்கிடலாம்னு இருக்கேன். வருஷக் கடைசியில ஆன்சைட் போனாலும் போவேன். சேர்த்து வச்ச காசு பூரா இதுலதான் போடறேன். சரியா?"

தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். ரீசேல் பார்த்து வாங்கறதைக் கேவலமா பேசற ஒரு கூட்டம் இருக்கு. "கலையில போய் காசுக் கணக்கா?"ம்பாங்க. அவங்க பெரும்பாலும் சொந்த வீட்டுல இருக்கறவங்க. பதினோரு மாச அக்ரிமென்ட்ல வாழறவன், வாங்கும்போதே விக்கறதையும் யோசிச்சுத்தான் ஆகணும். அதனால கேள்வி நல்ல கேள்வி. ஆனா அது எந்த ஊருக்கான கேள்வி, அதுலதான் விஷயமே இருக்கு.

பெடல் ஸ்டீல்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: மேசை மாதிரி நாலு கால்ல நிக்கும். வாசிக்கறவர் பின்னாடி உக்காந்து, இடது கையில ஒரு இரும்பு உருளையைக் கம்பி மேல வழுக்க விடுவார். கால்ல பெடல், முழங்கால்ல லீவர். அதை அழுத்தினா ஒரு சில கம்பியோட சுருதி மட்டும் ஏறும், இறங்கும். கன்ட்ரி பாட்டுல ஒரு அழுகை மாதிரி வழிஞ்சு வருமே, அந்த சத்தம். செயின்ட் தாமஸ் மவுன்ட், பல்லாவரம் பக்கத்து ஆங்கிலோ-இந்தியன் வீடுகள்ல ஜிம் ரீவ்ஸ் கேட்டு வளர்ந்தவங்களுக்கு கன்ட்ரி புதுசே இல்ல. ஆக, ஆசை வந்ததுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல.

இப்போ அமெரிக்காவுல இந்தக் கருவியோட சந்தை எப்படின்னு பார்ப்போம். அங்கே நம்ம தம்பி போட்ட கணக்கு ரொம்பச் சரி. எம்மன்ஸ், ஷோ-பட், எம்எஸ்ஏ, மல்லன்னு பேர் எடுத்த பிராண்டுகள் இருக்கு. பட்டி எம்மன்ஸ்ங்கற வாத்தியக்காரர் முதல்ல ஷாட் ஜாக்சனோட சேர்ந்து ஷோ-பட் ஆரம்பிச்சார், 1960-கள்ல பிரிஞ்சு போய் தன் பேர்லயே ஒரு கம்பெனி போட்டார். ஷோ-பட் தயாரிப்பு நின்னு பல வருஷம் ஆச்சு. இருந்தும் பழைய ஷோ-பட் விலை போகுது. ஏன்னா அதை வச்சிருக்கறவங்க நிறைய பேர், ரிப்பேர் தெரிஞ்சவங்களும் நிறைய பேர், பாகமும் கிடைக்குது. பிரபலம்னா நடைமுறையில இதுதான் அர்த்தம்: உங்களுக்கு அடுத்து வாங்கறவனும், கெட்டுப்போனா சரி பண்றவனும் பக்கத்துலயே இருக்காங்க.

அங்கேயும் பிராண்ட் மட்டும் போதாது. ஈ9 ட்யூனிங்ல பத்து கம்பி, மூணு பெடல். அந்த மூணு பெடலை எந்த வரிசையில வைக்கறதுங்கறதுக்கே ரெண்டு முறை. ஒண்ணு எம்மன்ஸ் முறை, இன்னொண்ணு டே முறை. இடமிருந்து வலமா ஏ-பி-சி ஒண்ணு, சி-பி-ஏ இன்னொண்ணு. எம்மன்ஸ் முறைதான் அதிகம் பேர் பழகினது. நீங்க உங்க வசதிக்கு லீவரையெல்லாம் மாத்தி வச்சிருந்தா, வாங்க வர்றவர் அதைத் திரும்ப மாத்தற செலவைக் கணக்குப் போட்டு விலையைக் குறைப்பார். உங்களுக்குன்னு தைச்ச சட்டையை அடுத்தவனுக்கு விக்கற கதைதான்.

சரி, தாம்பரத்துக்கு வருவோம்.

இந்தக் கருவியை இங்கே இறக்கணும்னா கருவி விலை ஒரு பக்கம், கப்பல் அல்லது விமானக் கூலி, கஸ்டம்ஸ் இன்னொரு பக்கம். ரெட்டைக் கழுத்து மாடல்னா பெட்டியோட சேர்த்து சுமார் 30 கிலோ. மூணாவது மாடி வாடகை வீட்டுக்கு லிஃப்ட் இல்லாம ஏத்திப் பாருங்க. ஈ9 கம்பி செட் சண்முகம் ரோட்டுல தொங்காது. முக்கியமா, நீங்க விக்கும்போது வாங்க ஆள் வேணுமே! பெருங்களத்தூர்ல இருந்து குரோம்பேட்டை வரைக்கும் வீடு வீடா விசாரிச்சாலும் "பெடல் ஸ்டீல் தேடிட்டு இருக்கேன்"னு சொல்றவர் எத்தனை பேர்? நாஷ்வில்ல முதல் தரமான பிராண்டா இருக்கலாம். இங்கே அதை வாங்க வரிசை கிடையாது. பேர் தெரியாத பிராண்டா இருந்தாலும் இங்கே நிலைமை அதேதான்.

அதனாலதான் சொல்றேன், ரீசேல் வேல்யூங்கறது கருவிக்குள்ள ஒட்டி வர்ற குணம் இல்ல. சுத்தி எத்தனை பேருக்கு அது வேணும்ங்கறதைப் பொறுத்தது. இந்தியாவுக்குள்ளயே பாருங்க. ஹவாயன் கிட்டாரை மடியில வச்சு உருளையால வாசிக்கற பழக்கம் கொல்கத்தாவுல பல தலைமுறையா இருக்கு. டாவ் மோ குடும்பம்னு ஹவாய்ல இருந்து வந்தவங்க 1940-கள்ல அங்கேயே தங்கி வாசிச்சாங்க, சொல்லியும் குடுத்தாங்க. ரவீந்திர சங்கீதத்தை அதுல வாசிக்கறது அங்கே சாதாரணம். அதே கருவியை மேடவாக்கத்துல விக்கணும்னா "இது என்ன, கிட்டார் உடைஞ்சு போச்சா?"ன்னு கேப்பாங்க.

நம்ம பக்கம் எது கைமாறுது? ரெண்டே ரெண்டு. அக்கூஸ்டிக் கிட்டார், கீபோர்டு. கிட்டார்னா யமஹா. எஃப்310-ன்னு சொன்னா கிட்டார் வாசிக்காதவனுக்கும் தெரியும். அதோட மேல்பலகை முழுப் பலகை கூட இல்ல, ஒட்டுப் பலகை. அதைவிட நல்லா பேசற கிட்டார் அதே விலைக்குத் தேடினா கிடைக்கலாம். ஆனா விக்கும்போது யாரும் சத்தம் கேட்டு விலை பேசறதில்ல. தலையில எழுதியிருக்கற பேரைப் பார்க்கறாங்க. வாங்க வர்றது பெரும்பாலும் பத்தாவது படிக்கற பிள்ளையோட அப்பா. அவருக்குத் தெரிஞ்ச ஒரே பேர் அது. யமஹா 2019-ல சென்னைக்குப் பக்கத்துலயே ஃபேக்டரி போட்டு கிட்டாரும் கீபோர்டும் தயாரிக்க ஆரம்பிச்ச பிறகு இந்தப் பேர் இன்னும் அழுத்தமாச்சு.

கீபோர்டுல இன்னும் சுவாரசியம். பிஎஸ்ஆர்-ஐ500-ன்னு ஒரு மாடல். தபலா, தம்புரான்னு நம்ம ஊர் சத்தங்களோட இந்தியாவுக்குன்னே செஞ்சது. சர்ச் காயர், பாட்டு கிளாஸ், கச்சேரி குரூப்னு இங்கே அதுக்கு ஆள் உண்டு. ஜெர்மனியில அதுக்கு என்ன மதிப்பு? ஆக, மாடல் மாடலா கூட ஊர் மாறினா விலை மாறுது.

இப்போ கணக்கு. பேனா எடுத்துக்கோங்க. இது உதாரணக் கணக்கு, சந்தை விலைன்னு எடுத்துக்காதீங்க.

தெரிஞ்ச பிராண்ட் கிட்டார் ஒண்ணு புதுசா 10,000 ரூபாய்க்கு வாங்கறீங்க. பதினாலு மாசம் கழிச்சு 6,500-க்கு விக்கறீங்க. போனது 3,500. மாசம் 250 ரூபாய். அதையே யாரோ வச்சிருந்ததை 6,500-க்கு வாங்கி, 5,500-க்கு வித்தா போனது 1,000. மாசம் 71 ரூபாய், ஒரு பிரியாணிக்கும் கீழ. மூணாவது, பேர் தெரியாத பிராண்ட் 4,000 ரூபாய். விலை கம்மின்னு வாங்கறீங்க. பதினாலு மாசம் கழிச்சு யாரும் வாங்க வரல. பரண்ல ஏறுது. மாசம் 285. மூணுலயும் விலை கம்மியா தெரிஞ்சதுக்குத்தான் வாடகை அதிகம்!

முதல் கிட்டார் வாங்கற யாருக்கும் என் ஆலோசனை அந்த நடு வழிதான். தொடரப் போறீங்களான்னு உங்களுக்கே தெரியாத நேரம் அது. ஏப்ரல், மே-ல பொத்தேரி, கேளம்பாக்கம் பக்கம் ஹாஸ்டல் காலி ஆகும்போது தேடுங்க. ஊருக்குப் போறவனுக்கு ட்ரெயின்ல கிட்டார் தூக்கிட்டுப் போறதைவிட வித்துட்டுப் போறது நிம்மதி. பேரம் படியும்.

ஆனா செகண்ட் ஹேண்ட்ல நம்ம ஏரியாவுக்குன்னே ஒரு ஆபத்து இருக்கு. வெள்ளம். 2015 டிசம்பர்ல முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் திரும்பவும் காட்டிட்டுப் போச்சு. கீழ் வீட்டுல கட்டில் அடியில இருந்த கிட்டார், கீபோர்டு எல்லாம் நனைஞ்சிருக்கு. காயவச்சு, துடைச்சு, நல்லா போட்டோ எடுத்தா படத்துல ஒண்ணும் தெரியாது. அதனால நேர்ல போய்ப் பாருங்க. கிட்டார் ஓட்டைக்குள்ள மொபைல் டார்ச் அடிங்க, உள்ளே தண்ணி நின்ன கோடு தெரியுதான்னு பாருங்க. ஓரத்துல ஒட்டு விட்டிருக்கான்னு நகத்தால தடவுங்க. மூக்கை வச்சு மோந்தும் பாருங்க, பூஞ்சை வாசனை பொய் சொல்லாது. கீபோர்டுன்னா எல்லாக் கட்டையையும் ஒவ்வொண்ணா, மெதுவா ஒரு தடவை, வேகமா ஒரு தடவை அழுத்துங்க. அடியில இருக்கற ஸ்க்ரூ துருப் பிடிச்சிருந்தா நன்றி சொல்லிட்டு எழுந்து வந்துடுங்க.

கடல் காத்து இன்னொரு தொல்லை. ஈரப்பதத்துல மேல்பலகை லேசா உப்பும், பிரிட்ஜ் தூக்கும், கம்பி உயரம் ஏறும், விரல் வலிக்கும். நிறைய பேர் "எனக்கு கிட்டார் வரல"ன்னு விடறதுக்குக் காரணம் இந்த உயரம்தான், திறமை இல்ல. ஒட்டுப் பலகை இந்தக் காத்தை ஓரளவு தாங்கும். எஃப்ஜி800 மாதிரி முழுப் பலகை வச்சது சத்தம் அருமையா இருக்கும், ஆனா பார்த்துக்கணும்.

முதல் கருவிக்கு இதெல்லாம் சரி. ரெண்டாவது கருவிக்கு நான் கட்சி மாறிடுவேன். வாசிக்கத் தெரிஞ்ச பிறகும் "வித்தா என்ன வரும்"னே யோசிச்சா, கடைசி வரைக்கும் அடுத்தவனுக்குப் பிடிச்ச கிட்டாரைத்தான் வச்சிருப்பீங்க. இடது கைக்காரங்களைப் பாருங்க. இடது கை கிட்டாருக்கு இங்கே ரீசேல் ரொம்பக் கஷ்டம். அதுக்காக வலது கையில பழகச் சொல்றதா? நம்ம வீணைக்கு பிராண்டே கிடையாது. தஞ்சாவூர் வேலையா, ஒரே மரத்துல குடைஞ்ச ஏகாண்டமா, ஒட்டு வீணையான்னுதான் கேப்பாங்க. செஞ்ச கையை நம்பி வாங்கறாங்க, ஆயுசுக்கும் வச்சுக்கறாங்க. விக்கற பேச்சு வந்தா வீட்டுல பெரியவங்க முகம் மாறிடும்.

இப்போ சேலையூர் தம்பிக்கு நேரடியா பதில்.

காசைப் போடாதீங்க, இப்போதைக்கு. உங்களுக்கு உண்மையில வேணும்னு தோணறது அந்த வழுக்கற சத்தம். அதுக்கு நட் எக்ஸ்டெண்டர்னு ஒரு சின்ன உலோகத் துண்டு போதும். உங்க கிட்டார் கழுத்தோட தலைப்பக்கம் கம்பிக்கு அடியில வச்சா கம்பி உயரும். ஓப்பன் ஜி ட்யூனிங் வைங்க. அதுல மூணு கம்பியைத் தளர்த்தத்தான் செய்வோம், எதையும் இறுக்க மாட்டோம், அதனால கழுத்துக்குப் பாரம் இல்ல. மடியில படுக்க வச்சு, ஒரு ஸ்டீல் பார் எடுத்து வாசிங்க. பெடல் இருக்காது. ஆனா சுருதியில நிக்கறது, பின்னாடி வர்ற விரலால அதிர்வை அடக்கறதுன்னு கஷ்டமான பாதி வேலை இதுலயே இருக்கு. நம்ம கோட்டுவாத்தியம், அதான் சித்திரவீணை, அதுவும் கம்பி மேல கட்டையை வழுக்கி வாசிக்கறதுதான். சென்னையில டிசம்பர் சீசன்ல நேர்ல கேக்கலாம், காசும் பெருசா ஆகாது. அந்தக் கை எப்படிப் போகுதுன்னு முன் வரிசையில உக்காந்து பாருங்க.

ஆறு மாசம் இதை விடாம செஞ்சீங்கன்னா அப்போ பெடல் ஸ்டீல் பத்திப் பேசலாம். ஆன்சைட் அமெரிக்காவா இருந்தா, அங்கே போய், அங்கேயே யாரோ வச்சிருந்த பேர் போன பிராண்டை, எல்லாரும் வாசிக்கற எம்மன்ஸ் முறையில வாங்குங்க. திரும்பி வரும்போது அங்கேயே வித்துட்டு வரலாம். உங்க ரீசேல் கணக்கு அந்த ஊர்ல அப்படியே செல்லும். ஆன்சைட் வரலைன்னா, இங்கேயே இறக்கணும்னு மனசு கேட்டா, போட்ட காசு திரும்பாதுன்னு எழுதி வச்சுட்டு வாங்குங்க. அப்போ பிராண்டைவிட, பாகம் கெட்டா உங்களுக்கு இ-மெயில்ல பதில் சொல்லி அனுப்பி வைக்கற தயாரிப்பாளரா இருக்காரான்னு பாருங்க. வாங்கறதுக்கு முன்னாடியே ஒரு இ-மெயில் போட்டுப் பார்த்துடுங்க. எத்தனை நாள்ல பதில் வருதுன்னு எனக்கும் சொல்லுங்க.

அடுத்த எபிசோட்ல கீபோர்டு ரிப்பேர். கட்டை அழுந்திட்டு மேல வராத கேஸ் நிறைய வந்திருக்கு. பார்ப்போம்.