'எந்த ஏரியா?' என்று கேட்பவரை யார் கேட்பது?

(தண்டையார்பேட்டையில் இளைஞர்கள் மத்தியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களிடம் ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். ராத்திரி வண்டிச் சோதனையில் நிறுத்துகிறார்கள். லைசென்ஸ் காட்டுகிறீர்கள், ஆர்.சி. புக் காட்டுகிறீர்கள். அதற்குப் பிறகும் ஒரு கேள்வி வருமே, அது என்ன? ஆமாம், "எந்த ஏரியா?" அண்ணாநகர் என்றால் வண்டி கிளம்பிவிடும். வியாசர்பாடி, காசிமேடு, கொருக்குப்பேட்டை, எண்ணூர் என்று சொல்லிப் பாருங்கள். வண்டிச் சாவி கை மாறும். செல்போனில் முகத்தைப் படம் எடுப்பார்கள். அடுத்த கேள்வி, "உன் மேல என்ன கேஸ் இருக்கு?" கேஸ் இருக்கிறதா என்று கூட இல்லை, என்ன கேஸ் என்று.

இந்த ஊரில் போலீஸ்காரர் நம்மிடம் சாதி கேட்கத் தேவையில்லை. ஏரியாவைக் கேட்டாலே போதும். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், பின்னி மில்லில் உழைத்தவர்கள், கடலில் வலை போடுபவர்கள் வாழ்கிற பகுதி இது. தலித்துகளும் மீனவர்களும் முஸ்லிம்களும் நெருக்கமாக வாழ்கிற பகுதி. ஏரியா பெயரைச் சொன்னவுடனே நாம் யார் என்று அவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்படி முடிவு கட்டுகிறவர்கள் தவறு செய்தால் அவர்களைக் கேள்வி கேட்பது யார்? இன்றைக்கு நான் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

முதலில் அந்தப் பட்டியலைப் பார்ப்போம். ஸ்டேஷனில் ஹிஸ்டரி ஷீட் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒருமுறை பெயர் ஏறிவிட்டால், தேர்தலா, தலைவர் வருகையா, பக்கத்துத் தெருவில் சண்டையா, முதலில் தட்டப்படுவது அந்த வீட்டுக் கதவுதான். வேலைக்குப் போய், கல்யாணமாகி, பிள்ளை பெற்ற பிறகும் தட்டுவார்கள். இந்த மனநிலை புதிதல்ல. 1911இல் சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவரப்பட்ட குற்றப் பழங்குடியினர் சட்டம், முழுச் சாதிகளையே பிறவிக் குற்றவாளிகள் என்று பதிவேட்டில் ஏற்றியது. சுதந்திரத்துக்குப் பிறகு அந்தச் சட்டம் போய்விட்டது. பிறப்பைப் பார்த்துச் சந்தேகப்படும் பழக்கம் போகவில்லை. 2024 மே மாதம் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்ல வேண்டி வந்தது. டெல்லியில் ஒரு ஹிஸ்டரி ஷீட் தொடர்பான வழக்கில், பின்தங்கிய சமூகங்கள், பட்டியல் சாதிகள், பழங்குடிகளைச் சேர்ந்தவர்கள் என்பதற்காகவே இயந்திரத்தனமாகப் பெயர் ஏற்றக்கூடாது என்று கூறி, எல்லா மாநிலங்களும் தங்கள் நடைமுறையைப் பரிசீலிக்க வேண்டும் என்றது.

அடுத்தது, யார் கையெழுத்து போடுகிறார்கள் என்பது. குண்டர் சட்டத்தில் ஒருவரை விசாரணையில்லாமல் 12 மாதம் வரை அடைத்து வைக்கலாம். சென்னையில் அந்த ஆணையில் கையெழுத்திடுபவர் மாநகரக் காவல் ஆணையர். நன்னடத்தைப் பிணை என்று எழுதி வாங்குவார்கள் தெரியுமா? சென்னையில் பல வருடங்கள் அந்தப் பிணையை வாங்கும் நிர்வாக நடுவரும் போலீஸ் துணை ஆணையர்தான். பிணையை மீறிவிட்டான் என்று அறிக்கை கொடுப்பது இன்ஸ்பெக்டர். அதைக் கேட்டு ஜெயிலுக்கு அனுப்புவது அவருடைய மேலதிகாரி. 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் இது அரசமைப்புச் சட்டத்துக்கு விரோதம் என்று சொல்லி, துணை ஆணையர்களுக்கு அந்த அதிகாரம் கொடுத்த அரசாணைகளை ரத்து செய்தது. அதுவரை எத்தனை பையன்கள் உள்ளே போனார்கள் என்று நம் தெருக்களில் கேட்டாலே தெரியும்.

அடுத்தது உயிர். 2022 ஏப்ரலில் தலைமைச் செயலகக் காலனி காவல் நிலையம் கொண்டுபோன ஒரு தலித் இளைஞர் இறந்தார். வலிப்பு வந்தது என்பதுதான் முதலில் சட்டமன்றத்திலேயே சொல்லப்பட்ட விளக்கம். உடற்கூறாய்வில் 13 காயங்கள். பிறகு அது கொலை வழக்கானது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்தது. இரண்டே மாதத்தில், ஜூனில், நம் கொடுங்கையூர் காவல் நிலையத்தின் பிடியில் இன்னொருவர் இறந்தார். ஐந்து போலீசார் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள், வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. ஒவ்வொரு முறையும் முதல் கதையை எழுதுவது யார் என்று பாருங்கள். காவலில் இருந்தவரைப் பற்றிய முதல் வாக்குமூலத்தை, அவரைக் காவலில் வைத்திருந்தவர்களே எழுதுகிறார்கள். கையில் மாவுக்கட்டோடு வரும் பையன்கள் எல்லாருமே பாத்ரூமில் வழுக்கி விழுந்தவர்கள் என்பதும் அந்தக் கதைதான். கைதிகள் மட்டும்தான் வழுக்கி விழுவார்களா என்று உயர் நீதிமன்றமே கேட்டிருக்கிறது.

சாத்தான்குளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2020 ஜூனில் ஜெயராஜ், பென்னிக்ஸ் இருவரும் இறந்த பிறகு, உயர் நீதிமன்றம் அனுப்பிய ஒரு குற்றவியல் நடுவர் விசாரிக்கப் போனார். அவரிடமே ஒரு காவலர் இழிவாகப் பேசினார். சிசிடிவி பதிவு தினமும் தானாக அழிவது போல அமைக்கப்பட்டிருந்தது. நீதிபதியிடமே அப்படிப் பேச முடிந்தால், மகனைத் தேடி ஸ்டேஷன் வாசலில் நிற்கும் வியாசர்பாடித் தாயிடம் எப்படிப் பேசுவார்கள்? அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர்தான் நடந்ததைச் சாட்சியாகச் சொன்னார் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். உண்மை சொல்ல நினைக்கிற போலீஸ்காரருக்கும் வெளியே ஒரு பாதுகாப்பான கதவு வேண்டும்.

அந்தக் கதவு எங்கே? 2006 செப்டம்பர் 22, பிரகாஷ் சிங் வழக்கு. ஒவ்வொரு மாநிலத்திலும் போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும், மாநில அளவில் ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற அல்லது உயர் நீதிமன்ற நீதிபதியும், மாவட்ட அளவில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் தலைமை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழ்நாடு என்ன செய்தது? 2013இல் காவல் சீர்திருத்தச் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றியது. அதன்படி மாநில ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலாளர். உறுப்பினர்கள் டிஜிபியும், சட்டம் ஒழுங்கு ஏடிஜிபியும். மாவட்டத்தில் தலைவர் கலெக்டர், உறுப்பினர்கள் எஸ்பியும் கூடுதல் எஸ்பியும். எஸ்பியின் கீழே வேலை பார்க்கிற ஒருவர் உன்னை அடித்தால், நீ போய்ப் புகார் சொல்ல வேண்டியது அந்த எஸ்பி உட்கார்ந்திருக்கிற மேசையில். மாமியார் கொடுமையை மாமியாரிடமே போய்ச் சொல் என்பது போல.

இதில் ஒரு பெரிய வேடிக்கை இருக்கிறது தோழர்களே. 1854இல், இதே சென்னையில், வெள்ளைக்காரக் கம்பெனி ஆட்சியே ஒரு சித்திரவதை விசாரணை ஆணையத்தை வைத்தது. வரி வசூலுக்கும், குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்கும் மக்கள் சித்திரவதை செய்யப்படுகிறார்கள் என்று அது பதிவு செய்தது. காரணங்களில் முக்கியமான ஒன்று, வருவாய் அதிகாரமும் போலீஸ் அதிகாரமும் ஒரே கையில் இருந்தது. அடிபட்ட ஏழை நியாயம் கேட்க வேண்டுமென்றால், அடித்தவர்களின் தலைமை அதிகாரியான கலெக்டரிடம்தான் போக வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் 1859இல் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, நம் சட்டமன்றம் புகார் மனுவைத் திரும்பவும் கலெக்டர் கையிலேயே கொடுத்திருக்கிறது, பக்கத்தில் எஸ்பியையும் உட்கார வைத்து!

இதைச் சொன்னால் நம் ஆட்களே ஒரு கேள்வி கேட்பார்கள். "தோழர், ரவுடியால் சாகிறவனும் நம்ம ஏரியாக்காரன்தானே? போலீஸ் கையைக் கட்டிப்போட்டால் எப்படி?" நியாயமான கேள்வி. 2024 ஜூலை 5 அன்று பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டார். அன்றைக்கு நம் எல்லாருக்கும் கோபம் இருந்தது. ஒன்பது நாள் கழித்து, ஜூலை 14 அதிகாலையில், போலீஸ் காவலில் இருந்த குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் மாதவரம் பக்கத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். தப்பிக்கப் பார்த்தார், போலீசை நோக்கிச் சுட்டார் என்றார்கள். நம்மில் சிலர் கைதட்டினார்கள். எனக்கும் அந்த நிமிடத்தில் வருத்தம் வரவில்லை, மறைக்க மாட்டேன். ஆனால் பிறகு யோசித்தேன். கூண்டில் ஏறி, குறுக்கு விசாரணையில் பதில் சொல்லியிருக்க வேண்டிய ஒருவர் போய்விட்டார். அவரோடு போனது நமக்குத் தெரிய வேண்டிய விவரங்கள். என்கவுன்டர் நமக்கு நீதி தரவில்லை. நீதி கேட்கும் நம் உரிமையையும் சேர்த்துத்தான் சுட்டது. இன்று அந்தத் துப்பாக்கிக்குக் கைதட்டினால், நாளை அது நம் தெருப் பையன் பக்கம் திரும்பும்போது எதிர்த்துக் கேட்க நமக்கு வாய் இருக்காது.

போலீஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பதில் சொல்கிற போலீஸ் வேண்டும் என்கிறேன். இது நடக்காத காரியமா? பக்கத்துக் கேரளத்தில் 2011 சட்டப்படி புகார் ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற நீதிபதிதான் தலைவர். வட அயர்லாந்தில் 1999 வாக்கில் கத்தோலிக்கர்கள் மக்கள்தொகையில் 40 விழுக்காட்டுக்கு மேல் இருந்தார்கள், போலீசில் ஏறக்குறைய 8 விழுக்காடுதான் இருந்தார்கள். நம்பிக்கையே இல்லாத அந்த ஊரில், 2000இல் போலீசுக்கு வெளியே ஒரு குறைதீர்ப்பு அலுவலகம் திறந்தார்கள். புகாரை விசாரிக்க அதற்குச் சொந்தப் புலனாய்வாளர்கள் உண்டு. போலீஸ் எழுதிக் கொடுக்கும் அறிக்கைக்காக அது காத்திருக்கத் தேவையில்லை.

நம் கோரிக்கைகள் இவைதான். 2013 சட்டத்தைத் திருத்து. ஆணையத்தின் தலைவராக ஓய்வுபெற்ற நீதிபதியை வை. பதவியில் இருக்கும் போலீஸ் அதிகாரி யாரும் அதில் உறுப்பினராக இருக்கக் கூடாது. தலித்துகள், பெண்கள், சிறுபான்மையினர் கட்டாயம் இருக்க வேண்டும். சொந்தப் புலனாய்வாளர்களைக் கொடு. ஹிஸ்டரி ஷீட்டை ஆண்டுதோறும் வெளியாட்கள் தணிக்கை செய்யட்டும். பெயர் ஏற்றினால் அந்த ஆளுக்கு எழுத்தில் சொல், மறுத்துப் பேச வாய்ப்பு கொடு. காவல் நிலையங்களில் சிசிடிவி வைக்கச் சொன்ன 2020 டிசம்பர் தீர்ப்பில், மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் மேயருக்கும் உச்ச நீதிமன்றம் இடம் கொடுத்திருக்கிறது. சென்னையின் முதல் தலித் பெண் மேயர் நம் வடசென்னையிலிருந்து போனவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேமரா பதிவுகளைக் கேளுங்கள் என்று அவரிடம் நாம் கேட்க வேண்டும்.

சட்டம் மாறும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. உங்கள் தெருவில் ஒருவரை அழைத்துக்கொண்டு போனால், நேரம், வண்டி எண், வந்தவர்கள் சட்டையில் பெயர்ப் பட்டை இருந்ததா என்பதை உடனே எழுதி வையுங்கள். கைதைக் குடும்பத்துக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும், கைது குறிப்பில் சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்பது 1996 டி.கே. பாசு தீர்ப்பு. காவலில் மரணம் என்றால், போலீஸ் விசாரணையோடு முடியாது. நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும், இப்போது அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 196ஆவது பிரிவு. மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். நாள் தள்ளிப் போனால் கதவு மூடிவிடும். அந்த ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021இல் உயர் நீதிமன்ற முழு அமர்வு சொல்லியிருக்கிறது. வன்கொடுமைப் புகாரை வேண்டுமென்றே பதியாத அதிகாரி மீது அந்தச் சட்டத்தின் 4ஆவது பிரிவே பாயும்.

பாபாசாகேப் கல்வியை முதலில் வைத்தார். நம் ஏரியாவில் கல்வி என்றால், இந்தப் பிரிவு எண்களும் அதில் சேரும். ஒரு தெருவுக்கு இரண்டு பேர் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒருவரைத் தூக்கிக்கொண்டு போன ராத்திரி, அந்த அம்மா தனியாக ஸ்டேஷன் வாசலில் நிற்கக் கூடாது. நோட்டுப் புத்தகத்தோடு நீங்கள் கூட நிற்க வேண்டும்.

அடுத்த முறை "எந்த ஏரியா?" என்று கேட்டால், தயங்காமல் ஏரியா பெயரைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, மரியாதையாக, அவர் பெயரையும் ஸ்டேஷனையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.